ஊட்டுக்கு ஒரு ஆஜர்

“...அதான் ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து குந்திக்கினு கீதே நைனா, அப்புறம் இன்னாத்துக்கு ஆப்சென்ட்டுன்னு எழுதுறே?” என்று என் அத்தை தலைமையாசிரியரைக் கேட்டபோது நான் அந்த வகுப்பில் இல்லை. இருந்திருந்தால் அத்தை அங்கே வரவேண்டிய தேவையே வந்திருக்காது.

அத்தை உட்கார்ந்திருந்தது எட்டாம் வகுப்பில், பெண்கள் பக்கத்து முதல் பலகையில், என் இடத்தில். காலையில் மணி அடித்ததும் உள்ளே வந்து, “எங்க பொண்ணு எங்க குந்தும்?” என்று கேட்டு, பிள்ளைகள் காட்டிய இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாளாம். முந்தானையில் வெற்றிலை முடிந்திருந்தது. அதை அவிழ்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மெல்லக்கூடாது என்கிற அளவுக்கு அவளுக்கு மரியாதை தெரியும். இதையெல்லாம் எனக்கு மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து வருகிற வகுப்புப் பிள்ளை ஒருத்தி, உப்புமா கிண்டுகிற ஆயா, பிற்பாடு தலைமையாசிரியர். மூவர் சொன்னதிலும் மற்றதெல்லாம் முன்னே பின்னே இருக்கும். அத்தை சொன்ன அந்த வாக்கியம் மட்டும் மூன்றிலும் ஒன்றுபோல இருந்தது. அத்தை பேசினால் அப்படித்தான், கேட்டவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்கள்.

அத்தை சொன்னதில் என்ன நியாயம் இருந்தது என்று புரிய எங்கள் குப்பத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நாங்கள் பழவேற்காடு ஏரி ஓரத்து ஆட்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. ஏரி பெரிது. ஆனால் எறா, அதாவது இறால், நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். வலை கட்ட ஆட்களோ நிறைய. எல்லாரும் ஒரே இடத்தில் கட்டினால் எறாவைவிட மண்டைதான் அதிகம் உடையும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைக்கிற முறைக்குப் பாடு என்று பெயர். எங்கள் குப்பத்தில் வடக்குத் தெருவுக்கு ஒரு நாள் பாடு, தெற்குத் தெருவுக்கு மறுநாள் பாடு. நாங்கள் தெற்குத் தெரு.

நம் பாடு நாளில் போகாவிட்டால் போனது போனதுதான், நாளைக்கு வந்து கேட்க முடியாது. அதே சமயம் வீட்டு ஆம்பிளை படுத்துக்கொண்டால் பாடு கெட்டுப்போகாது. தம்பி போகலாம், மச்சான் போகலாம், மீசை முளைக்காத மகன் போகலாம். பங்கு வீட்டுக்கு வந்துவிடும். படகு தள்ளும்போது ஊர்ப் பெரியவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. “கெணத்தாண்ட ஊடு?” என்பார். “வந்தாச்சு” என்று ஒரு குரல் வரும். “புளியமரத்தாண்ட ஊடு?” “வந்தாச்சு.” எங்கள் வீட்டுக்கு ஒரு முறை என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்குப் பதிலாக அடுத்த ஊர்ச் சித்தப்பா போனார். அவர் பெயர்கூட எங்கள் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அவரும் “வந்தாச்சு” என்றார். பங்கு வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஆஜர் அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்து ஆஜர் வேறு மாதிரி.

அது எட்டாவது வரைக்கும் இருந்த பள்ளிக்கூடம். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஒரே நீளக் கூடத்தில் நடக்கும். ஆறாவதுக்கு எழுதச் சொல்லிவிட்டு ஏழாவதுக்கு ஒப்பிக்கச் சொல்லிவிட்டு எங்களிடம் வருவார் தலைமையாசிரியர். கடம்பத்தூர்க்காரர். அங்கே சொந்த நெல் வயல், அண்ணன் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயில், நடுவில் இன்னொரு ரயில் மாறி ஊர் போய்ச் சேருவார். திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து வந்து நிற்பார். அவருக்கு ஏரி என்றால் வயலுக்குத் தண்ணீர் விடுகிற ஏரி. வந்த புதிதில் எங்கள் உப்புத்தண்ணீர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, “இவ்வளவு தண்ணி கெடக்குது, ஒரு மடைகூட இல்லையே” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். குப்பத்து ஆட்கள் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

பாடு நாளில் அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராது. லீவ் லெட்டர் மட்டும் வந்துவிடும். குப்பத்தில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான் என்பதால் எல்லா வீட்டுக்கும் நான்தான் எழுதுவேன். எல்லாவற்றிலும் ஜுரம். ஒரு நாள் வடக்குத் தெரு முழுக்க ஜுரம், மறுநாள் தெற்குத் தெரு முழுக்க. சார் பல மாதங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் என்னிடம், “உங்க ஊர் ஜுரம் ரொம்ப ஒழுங்கும்மா. ஒரு தடவைகூட தெரு மாறி வந்ததில்ல” என்றார். நான் அடுத்த லெட்டரிலிருந்து வயிற்றுவலி என்று மாற்றினேன்.

படகில் போவது ஆண்கள். பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். முன்னாளில் எறாவைக் காயவைத்து விற்றார்கள். காய்கிற வரைக்கும் அவசரம் இல்லை. அப்புறம் எறா கம்பெனி வந்தது. பச்சை எறாவாகவே ஐஸ் பெட்டியில் எடுத்துப்போனது. மூன்று மணிக்கு வண்டி வரும், நிற்காது. காலை பத்து, பதினொன்றுக்குப் படகு கரை தொட்டால், கொட்டின குவியலிலிருந்து நண்டு, பாசி, பொடிமீன் எல்லாம் பொறுக்கிப் போட்டு, பெரிசு வேறு சின்னது வேறு என்று பிரித்து, மூன்றுக்குள் கூடையில் நிரப்பவேண்டும். எத்தனை கை இருந்தாலும் போதாது. எங்கள் வீட்டில் இருந்த கை அம்மாவுடையது, என்னுடையது.

அத்தை கை கணக்கில் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அத்தை நைனாவுக்கு மூத்தவள். மாமா போனபிறகு எங்களோடு வந்து இருந்தாள். ஒரு காலத்தில் கரையிலேயே வேகமான கை அவளுடையதுதான் என்பார்கள். அப்புறம் கண்ணில் புகை படர்ந்தது. அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. “வெயிலு முன்ன மாதிரி இல்ல, மங்கலா அடிக்குது” என்பாள். ஒருநாள் அவள் பொறுக்கின கூடையைக் கம்பெனி ஆள் கையை விட்டுக் கிளறினார். குஞ்சு நண்டு பிடித்துக்கொண்டது. கூடையை அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டார். கரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வாய் சும்மா இல்லை. “அண்ணி, நீங்க ஊட்ல குந்திக்கினு இருந்தாலே எங்களுக்குப் பெரிய ஒத்தாச” என்றாள்.

அத்தை எழுந்து புடவையை உதறிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் கரைப்பக்கம் வரவில்லை. அம்மாவும் அத்தையும் நேராகப் பேசிக்கொள்வதும் நின்றுபோனது. எல்லாம் என் வழியாகத்தான். “கொழம்பு கொதிக்குதுன்னு உங்க அத்தைக்குச் சொல்லு” என்பாள் அம்மா. அத்தை அடுப்புக்கு எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். “எறக்கி வைக்கத்தான் போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு” என்பாள். நான் இரண்டு பக்கமும் திரும்பித் தலையாட்டுவேன். குழம்பு அதுபாட்டுக்குக் கொதிக்கும்.

இப்படி இருக்கையில்தான் பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம் தலைமையாசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நைனா வலை முடிந்துகொண்டிருந்தார். சார் உட்காரவில்லை. எட்டாவதுக்கு அப்போது பொதுப் பரீட்சை உண்டு. வருஷத்தில் முக்கால் பங்கு நாளாவது வந்திருந்தால்தான் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவார்கள். குப்பத்துப் பெண்பிள்ளைகளில் எட்டாவது வரைக்கும் வந்தவள் நான் ஒருத்தி.

“பொண்ணு நல்லா படிக்குது. ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்குது” என்றார் சார்.

“நாங்களும் ஒருநாள் உட்டு ஒருநாள்தான் சார் பொயக்கிறோம்” என்றார் நைனா.

“இப்படியே போனா பரீட்சைக்குப் பேர் அனுப்ப முடியாதுங்க. நான் அனுப்பினாலும் இன்ஸ்பெக்டர் அடிச்சிடுவார்.”

“பரீட்ச எழுதி இன்னா ஆவப்போவுது சார்?”

“கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி எல்லாம் வரப்போகுதுன்னு பேச்சு. எட்டாவது பாஸ்னு ஒரு பேப்பர் கேப்பாங்க. பால்வாடி டீச்சர் வேலைக்கும் அதான் கேக்கறாங்க.”

நைனா முடிச்சை இறுக்கினார். அவருக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. பாடு நாளில் கை குறையும், அதுதான். கம்பெனி வண்டி என் பரீட்சைக்காக நான்கு மணிக்கு வராது.

எனக்கு அந்தப் பரீட்சை வேண்டியிருந்தது. ரொம்பப் பெரிய ஆசை என்று சொல்லமுடியாது. எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. எந்த வேலையானாலும் சரி, உட்கார்ந்து பார்க்கிற வேலை. இதை அம்மாவிடம் சொன்னபோது, “எறா பொறுக்கறதும் குந்திக்கினு பாக்கற வேலதானேடி” என்றாள். தப்பில்லை. ஆனால் இரவு எத்தனை தடவை கழுவினாலும் புத்தகத்தைப் பிரித்தால் பக்கத்தில் எறா வாசனை ஏறும். அதே வாசனையோடு ஆயுசு முழுக்க இருக்கவேண்டும் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. சார் போகும்வரை நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலை முடிகிற முகம்தான் இருந்தது.

கிளம்பும்போது சார் சலிப்பாக ஒரு வார்த்தை சொன்னார். “பாடு நாள்ல உங்க வீட்டிலேர்ந்து ஒரு ஆள்கூட ஸ்கூல் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. யாருமே வரலைன்னா நான் என்னன்னுதான் எழுதறது?”

பெரியவர்கள் யாராவது வந்து காரணம் சொல்லவேண்டாமா என்று அவர் கேட்டார். உள்ளே இருந்த அத்தைக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தால் போதும். அது யாராக இருந்தால் என்ன? இது தெரியாமல் இத்தனை நாள் பிள்ளைகளுக்கு ஜுரம் வரவழைத்துக்கொண்டிருந்தோமே என்றுகூட அவள் நினைத்திருப்பாள்.

“இம்மாம் சுளுவா கீதே. இத மொதல்லயே சொல்லக்கூடாதா அந்த மனுசன்?” என்றாள் அன்று இரவு. நைனா யோசித்தார். அவருக்கும் சரியாகத்தான் பட்டது. “ஊட்ல சும்மாதான் கீறே, போய்ட்டு வாக்கா” என்றார். அம்மா என்னைப் பார்த்து, “உங்க அத்தைக்கு வேற பொடவ கட்டிக்கினு போவச் சொல்லு” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

அடுத்த பாடு நாள் அத்தை போனாள். நான் கரைக்குப் போனேன்.

ஆப்சென்ட் என்று எழுதப்போன சாரை அத்தை கேட்ட கேள்விதான் முதலில் சொன்னது. அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாராம். ஏன் என்று பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொன்னார். கடம்பத்தூரில் ஏரித் தண்ணீர் வயலுக்கு முறை வைத்துத்தான் வரும். நம் முறையில் மடையில் மண்வெட்டியோடு வீட்டு ஆள் ஒருத்தர் நிற்கவேண்டும். யார் நின்றாலும் தண்ணீர் அந்த வயலுக்குத்தான். அவருடைய அப்பாவுக்கு முடியாதபோதெல்லாம் அவர் நின்றிருக்கிறார். “உங்க அத்தை கேட்டதும் எனக்கு எங்க மடை ஞாபகம் வந்துடுச்சு. தப்புன்னு சொல்ல வாய் வரல” என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னது இரண்டு வாக்கியம். “அப்படி எழுத முடியாதும்மா. சரி, உக்காருங்க.” அத்தை இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் எனக்குக் கரைக்கே சாப்பாடு வந்தது. பள்ளிக்கூடத்தில் மஞ்சள் மாவு உப்புமா போடுவார்கள். அத்தை அதைச் சாப்பிடவில்லை. தூக்கு கொண்டுபோய் வாங்கி, வடக்குத் தெருப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். “உன் பங்காம்” என்று வைத்துவிட்டுப் போனான். ஆயா முதலில் தரமாட்டேன் என்றாளாம். “ஆளு வந்தா பங்கு உண்டா இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல” என்று அத்தை கேட்டதும் ஒரு கரண்டி கூடவே போட்டுவிட்டாள்.

சாயங்காலம் நான் பாடம் கேட்பேன்.

“இன்னிக்கு இன்னா அத்த நடத்துனாரு?”

“ஒரு ராஜாவாம். ரோட்டோரமா மரம் நட்டாராம்.”

“அப்புறம்?”

“நெழலுக்குத்தான்.”

“வேற இன்னா சொன்னாரு?”

“அதையே ரொம்ப நேரம் சொன்னாரு. நல்ல மனுசன் போலக்கீது. நம்ம ஊர் பக்கம் நடல.”

கணக்குப் பாடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தொட்டியில் ஒரு குழாய் தண்ணீர் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், எப்போது நிரம்பும் என்று ஒரு கணக்கு. அத்தை எழுந்து, “கீழ தொறந்துகீற கொழாய மூடுனா ஆச்சு. அதுக்கு எதுக்கு நைனா புள்ளைங்கள அடிக்கிறே?” என்றாளாம். சார் பிரம்பை மேஜைமேல் வைத்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அத்தை வருகிற நாள் நல்ல நாள்.

விஷயம் குப்பத்தில் பரவ நாளாகவில்லை. ஜுர லெட்டர் எழுதச் சொல்லி என்னிடம் யாரும் வருவதில்லை. பாடு நாளில் எந்த வீட்டில் எந்த ஆள் சும்மா இருக்கிறதோ அந்த ஆள் பள்ளிக்கூடம் போனது. கெளுத்தி முள் குத்திக் கை வீங்கின ஒருவர் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். நிறைமாதக்காரி ஒருத்தி ஏழாம் வகுப்பில் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டாள். படகிலிருந்து ஓய்ந்த கிழவர் ஒருவர் மணி அடித்ததும் வந்து, அடுத்த மணிவரை தூங்கி, முறையாக எழுந்து போவார். “இம்மாம் காத்து எங்க ஊட்ல இல்ல” என்பார். வருகை எடுக்கும்போது சார் பிள்ளையின் பெயரைச் சொல்வார். “கெணத்தாண்ட ஊடு, வந்தாச்சு” என்று பதில் வரும். சார் ஆப்சென்ட் என்று எழுதிக்கொண்டே, “உக்காருங்க” என்பார். அவரும் எத்தனை பேரிடம்தான் சொல்வார்.

அவர் என்ன எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடம் போகிற நாளில் அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். நாலு வாரத்துக்கு மேல் அப்படிக் கேட்காமல் ஓட்டினேன். கரையில் எறாவைப் பொறுக்கும்போது, அத்தை அங்கே என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், என் வருகை நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் கை வேகமாக ஓடும்.

அப்புறம் இன்ஸ்பெக்டர் வந்தார்.

பொன்னேரியிலிருந்து ஜீப்பில் வந்தார். வந்தது தெற்குத் தெருப் பாடு நாளில். ஜீப் வருவதைப் பார்த்ததுமே குப்பத்தில் யாரோ, “இன்னிக்கு எல்லா ஊடும் கரீட்டா இருக்கணும், சாரு மானத்தக் காப்பாத்தணும்” என்று சொல்லி வீடு வீடாக ஆள் கிளப்பிவிட்டார்களாம். அத்தை முதலிலேயே போய்விட்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கூடத்துக்குள் நுழைந்தபோது பலகைகள் நிறைந்திருந்தன. தாடி வைத்த ஆறாம் வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொன்னது. நிறைமாத ஏழாம் வகுப்பு எழ முடியாமல் உட்கார்ந்தபடியே கும்பிட்டது.

“இதென்ன, முதியோர் கல்வியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார். இது ஆறு, அது ஏழு, இந்தப் பக்கம் எட்டு” என்றார் தலைமையாசிரியர்.

இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. அதுதான் சாருக்கு இன்னும் பயமாக இருந்ததாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாங்கி, தானே பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்தது.

“எங்க ஊடு வந்தாச்சு” என்றாள் அத்தை.

“நான் உங்க வீட்டைக் கூப்பிடலம்மா. இந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன்.”

“அது கரையில கீது. அதுக்காவத்தான் நா கீறேன்.”

“அதுக்கு பதிலா நீங்க பரீட்சையும் எழுதுவீங்களா?”

அத்தை இதை எதிர்பார்க்கவில்லை. “எனுக்கு எழுத வராதே” என்றாள்.

“அதான். இங்க வீட்டுக்கு ஆஜர் இல்லம்மா, ஆளுக்குத்தான் ஆஜர்.”

கூடத்தில் இருந்த மற்றப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவர் விழித்துக்கொண்டார். அத்தை தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள்.

“அப்போ நா இத்தினி நாளு வந்ததெல்லாம்?”

“நீங்க வந்தீங்கம்மா” என்றார் சார். “அவ வரல.”

“எம்பேர்லயாவது எழுதிக்கினியா நைனா?”

“உங்க பேர் இதுல இல்லம்மா.”



இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் புரட்டி என் வரிசையைக் கடைசிவரை பார்த்தார். ஒன்றுவிட்டு ஒன்று. தலைமையாசிரியர் மெல்ல, பெண் நன்றாகப் படிக்கும், குப்பத்திலிருந்து எட்டாவதுக்கு வந்த முதல் பெண் என்று சொல்லிப்பார்த்தார். பேனாவை மூடிவிட்டு இன்ஸ்பெக்டர் சொன்னார். இன்றிலிருந்து பெயர்ப் பட்டியல் அனுப்புகிற நாள் வரைக்கும் அந்தப் பெண் ஒருநாள் விடாமல் வந்தால், குறைந்த நாளை மன்னிக்கலாம் என்று எழுதித் தருகிறேன். நடுவில் ஒருநாள் நின்றாலும் பெயரை அடிக்கவேண்டியதுதான்.

“இன்னிலேர்ந்துன்னா?” என்று கேட்டாள் அத்தை.

“இன்னிலேர்ந்துதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு மறுபடி வருகை எடுப்பாங்க. அப்ப அந்தப் பொண்ணு இங்க இருக்கணும். நானும் அதுவரைக்கும் இருப்பேன்.”

“ரெண்டு மணிக்கு அது வர முடியாதே. மூணு மணிக்குத்தான் வண்டி வரும்.”

“நீங்க இவ்வளவு நாளா இங்க வந்து உக்காந்தீங்களே. அந்த வேலையை நீங்க செஞ்சா அது இங்க வந்திருக்குமே” என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அத்தை பலகையைப் பிடித்து எழுந்து, உத்தரவு கேட்காமல் வெளியே போனாள்.

இதற்கு மேல் நானே பார்த்தது.

உச்சி வெயில். எங்கள் குவியலில் பாதிகூடக் குறையவில்லை. அன்றைக்குப் பாசி அதிகம். மணல்மேட்டில் ஒரு உருவம் இறங்கி வந்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குவியலாக உற்றுப் பார்த்துக்கொண்டே வந்ததால் அத்தை என்று தெரிந்தது. கரையில் பேச்சு கொஞ்சம் தணிந்தது. கூடை கவிழ்ந்த நாளுக்கு அப்புறம் அவள் அங்கே கால் வைப்பது அதுதான் முதல்.

“இஸ்கோலு உட்டாச்சான்னு கேளு” என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

நான் கேட்கவில்லை. அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“எழுந்துரு. கையக் கழுவிக்கினு ஓடு. ரெண்டு மணிக்கு உம்பேரக் கூப்புடுவாங்க. நீயே போய்ச் சொல்லணுமாம், நா சொன்னா செல்லாதாம்.”

“குவியல் இம்மாம் கீது. இவளும் போய்ட்டா நா ஒருத்தி இன்னா பண்ணுவேன், வண்டிக்காரன் நிப்பானான்னு கேளு” என்றாள் அம்மா. அம்மாவுக்கும் அன்று காலையிலிருந்து முதுகு ஒடிந்துகொண்டிருந்தது.

நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எழுவதா வேண்டாமா என்று இருந்தேன். அத்தை என் மடியிலிருந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டாள். என்னை முழங்கையால் தள்ளிவிட்டு என் இடத்தில் குந்தினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். குவியலில் ஒரு கை அள்ளி, பாசியை உதறி, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அதைக் கூடையில் போடவில்லை. கையை அப்படியே அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“எனுக்குத் தெரியல. நண்டு கீதா பாரும்மே” என்றாள், என் பக்கம் திரும்பாமல், அம்மாவிடமே. அம்மா குனிந்து பார்க்கிறவரைக்கும் நீட்டின கையை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.